கவுனின்னு தேடினா கவுனி வரமாட்டேங்குது – விதை நெல் பட்டியலுக்கு ஒரு சின்ன வெப் ஆப், உதவி வேணும்

நெல்வாசம்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருவாரூர் மாவட்டம். அப்பாவும் அவரோட சேக்காளிகளும் ஒரு நாப்பது பேர் இருக்காங்க, பாரம்பரிய நெல் விதையைக் காசு இல்லாம கைமாத்திக்கிறவங்க. 2 கிலோ வாங்கினா அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் குடுக்கணும்னு, ஆதிரெங்கம் நெல் திருவிழால, பாரம்பரிய நெல்லை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் அய்யா வச்ச அதே கணக்குதான் இங்கயும். யார்கிட்ட என்ன விதை இருக்குங்கறது இவ்வளவு நாள் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜா ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன வருஷம் ஒருத்தர் எல்லாத்தையும் கூகுள் ஷீட்ல ஏத்திட்டார். இப்ப 212 வரி இருக்கு. நெல் பேரு, வயசு (அறுப்புக்கு எத்தனை நாள்), பட்டம் (விதைக்கற பருவம்), மண்ணு, எவ்வளவு இருக்கு, ஊரு, போன் நம்பர், இதான் ஷீட்ல இருக்கற காலம் (நெடு வரிசை).

நான் காலேஜ் மூணாவது வருஷம், ரியாக்ட் (வெப் பக்கம் எழுதற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஓரளவு தெரியும். இந்த ஷீட்டை எடுத்து ஒரு பக்கத்துல காட்டி, மேல ஒரு தேடுற பெட்டி, பக்கத்துல "எத்தனை நாளுக்குள்ள", "எந்தப் பட்டம்"னு ரெண்டு ஃபில்டர், அவ்வளவுதான் வேணும். ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்னு உக்காந்தேன், மூணு வாரம் ஆச்சு. பிரச்சனை எல்லாத்தையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, பக்கத்தைத் திறந்த உடனே ஃபெட்ச் (ஷீட்டை நெட்லருந்து எடுக்கற கோரிக்கை) நிக்காம போய்க்கிட்டே இருக்கு, ப்ரௌசரோட நெட்வொர்க் டேப்ல பாத்தா நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல. ரெண்டு, 120 நாளுக்குள்ளன்னு ஃபில்டர் போட்டா அறுபதாம் குறுவையே காணாமப் போயிடுது, அது அறுபது நாள் நெல்லு, அது வராம வேற எது வரும். மூணாவதுதான் என்னைத் தூங்க விடாம பண்றது, "கவுனி"ன்னு அடிச்சா கருப்புக் கவுனி மொத்தம் 9 பேர்கிட்ட இருக்கு ஆனா 4 வரிதான் வருது. மிச்சம் அஞ்சு பேரோட விதை அங்கயேதான் இருக்கு, கண்ணால பாக்கறேன், தேடினா இல்லைங்குது.

பச்சைத்திரை:
முதல்ல உன் ஃபெட்ச் கோட் எப்படி இருக்குன்னு சொல்லு. யூஸ்எஃபெக்ட்டுக்குக் (ரியாக்ட்ல ஃபெட்ச் மாதிரி வேலையை வைக்கற இடம்) கடைசியில, ஒரே தடவை ஓடுன்னு சொல்ற அந்தக் காலி அர்ரே போட்டிருக்கியா? அது இல்லைன்னா ஒவ்வொரு ரெண்டருக்கும் (திரையைத் திரும்ப வரையறது) எஃபெக்ட் ஓடும், எஃபெக்ட்ல ஸ்டேட்டை (பக்கம் நினைவுல வச்சிருக்கற தகவல்) மாத்தற, ஸ்டேட் மாறினா திரும்ப ரெண்டர், திரும்ப ஃபெட்ச். நானும் இதுல மாட்டினேன், அதான் பாத்த உடனே தெரிஞ்சுது.

நெல்வாசம்:
ஆமா, போடல. போட்டேன், நின்னுடுச்சு. ஆனா அதுக்கப்புறம் தேடுற வார்த்தையை அந்த அர்ரேக்குள்ள குடுத்தேன், இல்லைன்னா அடிக்கும்போது பட்டியல் மாறல. இப்ப ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஃபெட்ச் போகுது. அதுல இன்னொண்ணு, எங்க ஊர்ல சிக்னல் வந்து வந்து போகும், "கரு"ன்னு அடிச்சிட்டு "கருங்குறுவை"ன்னு முடிக்கிறேன், சரியா வந்துட்டு ஒரு செகண்ட் கழிச்சு திடீர்னு பழைய "கரு" பட்டியலுக்கே போயிடுது.

பழங்குறிமுறை:
தம்பி/தங்கச்சி யாரா இருந்தாலும் சரி, கொஞ்சம் நிதானமா படி, இது முக்கியம்.

நீ கடைசியா சொன்னது ரேஸ் கண்டிஷன். முதல்ல அனுப்பின கோரிக்கைக்குப் பதில் லேட்டா வருது, ரெண்டாவது அனுப்பினதுக்குப் பதில் அதுக்கு முன்னாடியே வந்துடுது, கடைசியா வந்தது ஜெயிக்குது. இதுக்கு அபார்ட்கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கு, எஃபெக்ட்டோட க்ளீனப்ல பழைய கோரிக்கையை ரத்து பண்ணிடலாம். தெரிஞ்சு வச்சுக்கோ, வேற இடத்துல தேவைப்படும். ஆனா உனக்கு அது தேவையே இல்ல. 212 வரிக்கு எதுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வர் வரைக்கும் போகணும்? ஒரே தடவை எடு, மெமரில வச்சுக்கோ, ஃபில்டர் எல்லாம் ப்ரௌசர்லயே பண்ணு. பல ஆயிரம் வரி வரைக்கும் சாதாரண போன் கூட இதைத் திணறாம செய்யும்.

ரெண்டாவது, ஸ்டேட்டை ரொம்பக் கம்மியா வை. நான் பாக்கற பத்துப் பேர்ல எட்டுப் பேர் முழுப் பட்டியல்னு ஒரு ஸ்டேட், ஃபில்டர் ஆன பட்டியல்னு இன்னொரு ஸ்டேட் வச்சு, ரெண்டையும் எஃபெக்ட் போட்டு ஒட்டிக்கிட்டு இருப்பாங்க, அங்கதான் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம போகும். உனக்கு வேண்டிய ஸ்டேட் ஷீட்லருந்து வந்த பட்டியல், தேடுற வார்த்தை, ரெண்டு ஃபில்டர் தேர்வு, இவ்வளவுதான். திரையில காட்டுற பட்டியல் இதுல இருந்து ஒவ்வொரு ரெண்டருக்கும் கணக்குப் போட்டு வர்றது, அதை எங்கயும் சேமிக்காத. யூஸ்மெமோ (கணக்குப் போட்டதை நினைவுல வச்சுக்கறது) கூட இப்போதைக்கு வேண்டாம்.

மூணாவது, ஃபெட்ச் ஒரு பக்கம் 404ன்னு (பக்கம் இல்லை) வந்தாலும் 500ன்னு (சர்வர் கோளாறு) வந்தாலும் எர்ரர் எறியாது. கேட்ச்ல (எர்ரரைப் பிடிக்கற இடம்) வந்து விழும்னு நினைச்சு நிறையப் பேர் ஏமாந்துடறாங்க. நெட்வொர்க்கே அறுந்தாத்தான் கேட்ச்சுக்குப் போகும். அதனால பதில்ல ஓகேங்கற பண்பை நீயே பாரு. இல்லைன்னா யாராவது ஷீட்டோட லிங்க்கை மாத்திட்டா உன் ஆப் எர்ரர் பக்கத்தோட எச்டிஎம்எல்லையே நெல்லு பேருன்னு நினைச்சுப் பிரிக்க ஆரம்பிச்சிடும்.

நெல்வாசம்:
அண்ணா ரொம்ப நன்றி. தங்கச்சிதான். ஒரே தடவை எடுக்கற மாதிரி மாத்திட்டேன், எஃபெக்ட் ஒண்ணே ஒண்ணுதான் இப்ப. கோட் பாதியா குறைஞ்சிடுச்சு.

நாள் ஃபில்டர் மட்டும் இன்னும் சரியா வரல. வயசு காலத்துல இருக்கறதை அப்படியே 120ஓட ஒப்பிடறேன்.

பச்சைத்திரை:
அப்படியேன்னா அது ஸ்ட்ரிங்கா, அதாவது வெறும் எழுத்தா, வந்திருக்கும். ஷீட்லருந்து சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச எழுத்துக் கோப்பு) எடுத்தா எல்லாமே எழுத்துதான், எண் கிடையாது. உன் தேர்வுப் பெட்டியிலருந்து வர்ற 120ம் எழுத்துதான். எழுத்தா ஒப்பிட்டா "60"ஐயும் "120"ஐயும் முதல் எழுத்துலருந்து பாக்கும், 6 பெருசு 1 சின்னது, அதனால 60 வந்து 120ஐ விடப் பெருசுன்னு முடிவு பண்ணிடும். அதான் உன் அறுபதாம் குறுவை காணாமப் போச்சு. நம்பரா மாத்து.

நெல்வாசம்:
மாத்தினேன், அறுபதாம் குறுவை வந்துடுச்சு ஆனா இப்ப வேற 70 வரி காணோம். பாத்தா அந்த 70 வரியில "130-135", "4 மாசம்", "120 நாள்", "நாலரை மாசம் வரும்" இப்படியெல்லாம் இருக்கு. எல்லாம் நம்பர் இல்லைன்னு விழுந்துடுது.

சோழநாட்டான்:
ஆப் எழுதத் தெரியாது, நெல்லு தெரியும், அதனால ஒரு வார்த்தை. வயசை ஒத்த நம்பரா வைக்காதம்மா. ஒரே நெல்லு, நேரடி விதைப்புன்னா ஒரு வயசு, நாத்து விட்டு நட்டா வேற வயசு. தண்ணி, மண்ணு, பட்டம் எல்லாம் பாத்துப் பத்து நாள் முன்னப்பின்ன ஆகும். காட்டுயானம் 180 நாள்னு சொல்லுவோம், மாப்பிள்ளைச் சம்பா 160ன்னு சொல்லுவோம், அதெல்லாம் ஒரு கணக்குக்கு. "130-135"ன்னு எழுதினவர் சரியாத்தான் எழுதியிருக்கார். அதை 130ன்னு வெட்டிடாத.

நெல்வாசம்:
அய்யா சரியா சொன்னீங்க. அப்ப குறைஞ்ச வயசு, கூடின வயசுன்னு ரெண்டு காலம் வச்சிடறேன், எழுதின வாசகம் அப்படியே மூணாவதா இருக்கட்டும், திரையில அதைத்தான் காட்டுவேன். ஃபில்டர்க்கு மட்டும் அந்த ரெண்டு நம்பர். 120 நாளுக்குள்ளன்னு கேட்டா கூடின வயசைப் பாக்கணுமா, குறைஞ்ச வயசையா?

சோழநாட்டான்:
கூடின வயசைப் பாரு. நாளுக்குள்ளன்னு கேக்கறவன் தண்ணி நிக்கறதுக்குள்ள, இல்ல மழை வர்றதுக்குள்ள அறுக்கணும்னு கணக்குப் போடறவன். அவன்கிட்ட போய் "நல்லா இருந்தா 115, இல்லைன்னா 130"ன்னு ஒரு நெல்லைக் குடுத்தா பாவம்.

பட்டத்துக்கும் இதே மாதிரிதான். சம்பா பட்டம் வேற, சம்பான்னு முடியற நெல்லு வேற. குறுவை பட்டம் வேற, கருங்குறுவை நெல்லு வேற. எல்லாத்தையும் ஒரே பெட்டியில தேட விட்டா சம்பான்னு அடிச்சவனுக்கு சீரகச் சம்பாவும் வரும், சம்பா பட்டத்துல போடற மத்த நெல்லும் வரும், குழம்பிடுவான். அதைப் பிரிச்சு வை.

நெல்வாசம்:
பட்டத்தைத் தனித் தேர்வா வச்சிட்டேன் அய்யா. குறுவை, சம்பா, தாளடி, நவரை, சொர்ணவாரி. தேடுற பெட்டி பேரு, ஊரு ரெண்டுல மட்டும் தேடும்.

இப்ப கவுனி. இதுக்கு யாராவது சொல்லுங்க. பெட்டியில "கவுனி", பட்டியல்லயும் "கவுனி"தான் எழுதியிருக்கு. கண்ணுக்கு ஒண்ணா இருக்கற ரெண்டு வரியில ஒண்ணு வருது ஒண்ணு வரல. அதே மாதிரி சொர்ணவாரின்னு தேர்வு பண்ணா பாதிதான் வருது.

எழுத்தாணி:
நான் இதுக்காகவே லாகின் பண்ணேன். பதினஞ்சு வருஷமா தமிழ் எழுத்துத் தேடலோட மல்லுக்கட்டறேன், இதைப் பத்திப் பேசக் கேட்டா எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

சொர்ணவாரியை முதல்ல எடுத்துக்கலாம், அது சுலபம். "சொ"ங்கறதை யூனிகோட்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுக்கற பொது முறை) ரெண்டு விதமா எழுதலாம். ச போட்டு அதோட ஒகரக் குறி ஒண்ணே ஒண்ணு, அதோட எண் 3018. இல்லைன்னா ச போட்டு, எகரக் கொம்பு 3014, அப்புறம் கால் 3006, மொத்தம் மூணு. திரையில ரெண்டும் ஒரே மாதிரி "சொ"தான். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. ஓகாரத்துக்கும் இதே கதை, ஔகாரக் குறிக்கும் இதே கதை. எந்த கீபோர்டுல அடிச்சாங்க, எந்தக் கன்வெர்ட்டர் வழியா வந்துச்சுங்கறதைப் பொறுத்து மாறும். பழைய ஃபான்ட்ல இருந்து மாத்தின பட்டியல்னா கொம்பும் காலும் தனித்தனியா வந்திருக்க வாய்ப்பு அதிகம். மருந்து ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்கு, நார்மலைஸ்னு ஒரு மெதட், என்எஃப்சின்னு குடுத்தா ரெண்டையும் ஒண்ணாக்கிடும். பட்டியல் வரும்போது ஒரு தடவை, தேடுற வார்த்தைக்கு ஒரு தடவை, ரெண்டு பக்கமும் பண்ணணும். ஒரு பக்கம் மட்டும் பண்ணிட்டு வேலை செய்யலைன்னு வர்றவங்க நிறைய.

கவுனி வேற. அந்த வராத அஞ்சு வரியையும் காப்பி பண்ணி இங்க போடு, கையால டைப் பண்ணாத.

நெல்வாசம்:
அக்கா அந்த அஞ்சு:
கருப்பு கவுணி
கருப்புக்கவு‌னி
கெளனி கருப்பு
கறுப்பு கௌனி
கருப்பு கவு னி

எழுத்தாணி:
பாத்தியா, அஞ்சுக்கும் அஞ்சு காரணம். முதலாவது ண. அது சொல்லுற வழக்கு, பலபேர் அப்படித்தான் எழுதுவாங்க. ரெண்டாவதுல உனக்குத் தெரியாம நடுவுல ஒரு ஜீரோ விட்த் (அகலமே இல்லாத) எழுத்து உக்காந்திருக்கு, காப்பி பேஸ்ட்ல வந்திருக்கும், கண்ணுல படவே படாது. கடைசில ஸ்பேஸ். நாலாவது ஔகாரத்தோட எழுதினது, ரவும் றவும் வேற.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வியாதி. அது "கௌனி" இல்ல. க, எகரக் கொம்பு, அப்புறம் ள. ஔகாரக் குறியோட வலப்பக்கம் பாக்க ள மாதிரியே இருக்கறதால கொம்பையும் ளவையும் சேத்து அடிச்சுட்டாங்க. இணையத்துல இருக்கற தமிழ்ல இது எக்கச்சக்கம். என்எஃப்சி இதைத் தொடாது, ஏன்னா யூனிகோட் பார்வையில இது தப்பே இல்ல, கெ பக்கத்துல ள, அவ்வளவுதான்.

பச்சைத்திரை:
அப்ப கொம்பு-ள வர்ற இடமெல்லாம் ஔகாரக் குறியா ரீப்ளேஸ் பண்ணிட்டா முடிஞ்சுதே அக்கா?

எழுத்தாணி:
முடியாது. "வெள்ளை"ங்கறது எப்படி எழுதற? வ, கொம்பு, ள, புள்ளி, ள, ஐகாரக் குறி. நீ சொல்ற ரீப்ளேஸ் போட்டா வெள்ளைங்கற பேர்ல இருக்கற நெல்லு அத்தனையும் சிதைஞ்சிடும். "வெளி", "தெளிவு" எல்லாம் போச்சு. அதனால நிபந்தனை வேணும்: கொம்புக்கு அப்புறம் ள வந்து, அந்த ளவுக்கு அப்புறம் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லைன்னா மட்டும் அதை ஔகாரமா எடு. ரெகெக்ஸ்ல (எழுத்து வடிவத்தைத் தேடற குறியீடு) நெகட்டிவ் லுக்அஹெட்னு ஒண்ணு இருக்கு, அடுத்து இது வரக் கூடாதுன்னு சொல்றது, அதுதான் இதுக்கு. நூத்துக்கு நூறு பிடிக்காது, பேச்சுத்தமிழை அப்படியே எழுதினா எங்கயாவது இடிக்கும். நெல்லு பேருக்குப் போதும்.

பழங்குறிமுறை:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? 212 வரிதானே, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஷீட்டையே சுத்தம் பண்ணிடு. எல்லாத்தையும் "கருப்புக் கவுனி"ன்னு ஒரே மாதிரி எழுது, ஷீட்ல ட்ராப்டவுன் போட்டு அதுல இருந்துதான் எடுக்கணும்னு கட்டாயம் பண்ணு. டேட்டா சுத்தமா இருந்தா கோட் தானா சின்னதாயிடும். இதுதான் நான் வேலையில கத்துக்கிட்டது.

எழுத்தாணி:
அண்ணா இதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஷீட்டை சுத்தம் பண்ணலாம், தேடுறவங்களோட விரலை யார் சுத்தம் பண்றது? பெட்டியில அடிக்கிறவர் கவுணின்னு அடிப்பார், அவர் வாய்ல வர்றது அதுதான். ஷீட் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அவருக்கு "இல்லை"ன்னுதான் வரும். எப்படியும் தேடல்ல இந்த வேலையைப் பண்ணித்தான் ஆகணும்.

சோழநாட்டான்:
ட்ராப்டவுன் வேணாம் தம்பி. நான் அதுக்கு எதிரா சொல்றேன்னு கோவிச்சுக்காத. நாங்க குழியடிச்சான்னு சொல்றதை எங்க மாமியார் ஊர்ல குழிவெடிச்சான்னு சொல்றாங்க. எது சரின்னு நீ எப்படி முடிவு பண்ணுவ? அதைவிட, கேக்க ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பேரு உண்மையிலயே ரெண்டு நெல்லா இருக்கும், ஒருத்தர் அவசரத்துல ஒண்ணாக்கிட்டா அடுத்த வருஷம் வயல்ல கலப்புதான். கைக்கு வந்த விதை எந்தப் பேரோட வந்துச்சோ அந்தப் பேரோட இருக்கட்டும். நெல் ஜெயராமன் 174 ரகம் சேர்த்தாருன்னா ஒவ்வொரு ஊரா போய் அவங்கவங்க சொன்ன பேரைக் கேட்டுத்தான் சேர்த்தார்.

பழங்குறிமுறை:
அய்யா, இதை நான் யோசிக்கல. என் அனுபவம் எல்லாம் பில்லு, சரக்குப் பட்டியல் இதுல. அங்க பேரை ஒண்ணாக்கினா யாருக்கும் நட்டமில்ல. இங்க பேருதான் சரக்கே. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். தங்கச்சி, ஷீட்ல எழுதினதைத் தொடாத.

எழுத்தாணி:
அப்ப இப்படிப் பண்ணு நெல்வாசம். ஒவ்வொரு வரிக்கும் மெமரில மட்டும் ஒரு தேடல் சாவி உண்டாக்கு. திரையில காட்டுறது மூலப் பேரு, ஒப்பிடறது சாவி. சாவி செய்யற வரிசை முக்கியம், மாத்திடாத.

முதல்ல என்எஃப்சி. அப்புறம் ஜீரோ விட்த் எழுத்து, ஸ்பேஸ், ஹைஃபன் எல்லாம் தூக்கிடு. அப்புறம் நான் சொன்ன நிபந்தனையோட கொம்பு-ளவை ஔகாரக் குறியா மாத்து. அதுக்கு அப்புறம் ஔகாரக் குறியை "வு"ன்னு மாத்து, கௌனி கவுனி ஆயிடும். அப்புறம் ண, ந ரெண்டையும் ன ஆக்கு, ற வந்தா ர, ள ழ ரெண்டும் ல. கடைசியா இரட்டிப்பு: ஒரு மெய், புள்ளி, திரும்ப அதே மெய் வந்தா ஒண்ணா சுருக்கு, ரெகெக்ஸ்ல பேக்ரெஃபரன்ஸ் (முன்னாடி பிடிச்சதையே திரும்பக் கேக்கறது) வச்சு ஒரே வரி.

இந்தக் கடைசி வேலைதான் சந்தியைத் தீர்க்குது. சீரகச் சம்பா, சீரக சம்பா, சீரகச்சம்பா மூணுமே ஸ்பேஸ் போன பிறகு, இரட்டிப்புச் சுருங்கின பிறகு "சீரகசம்பா"ன்னு ஒரே சாவியா வந்து நிக்கும். வல்லினம் மிகுமா மிகாதான்னு தெரிஞ்சாத்தான் விதை கிடைக்கும்னு ஒரு நிலைமை இருக்கக் கூடாது, எனக்கு அதுல ரொம்பப் பிடிவாதம் உண்டு.

குழியடிச்சான்-குழிவெடிச்சானை எந்த ரூலும் பிடிக்காது. அதுக்கு ஷீட்ல "வேற பேரு"ன்னு ஒரு காலம் சேத்து, அங்க தெரிஞ்ச பேரெல்லாம் எழுதச் சொல்லு. இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறவங்களுக்கும் அதே காலம் உதவும்.

பச்சைத்திரை:
ல ள ழ எல்லாம் ஒண்ணாக்கினா பல்லி பள்ளி ரெண்டும் ஒண்ணாயிடுமே, தேவையில்லாத வரி வந்து நிக்காதா?

எழுத்தாணி:
வரும், 212 வரியில ரெண்டு மூணு கூட வந்தா வரட்டும். விதை இருந்தும் வராம போறதைவிட அது எவ்வளவோ மேல். ஆனா வரிசையில கவனம் வை, அடிச்ச வார்த்தை அப்படியே பேர்ல இருந்தா அது மேல, சாவி மட்டும் பொருந்தினது கீழ.

நெல்வாசம்:
அக்கா 9ம் வந்துடுச்சு!! ஒம்பதும் வருது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கவுணின்னு அடிச்சுப் பாத்தார், வந்துச்சு, கெளனின்னு அடிச்சுப் பாத்தார், அதுவும் வந்துச்சு.

ஒரே ஒரு விநோதம். போன்ல "கவுனி"ன்னு அடிக்கும்போது நடுவுல ஒரு கணம் பட்டியல் முழுசா காலியாகி "எதுவும் இல்லை"ன்னு வந்துட்டுப் போகுது. அப்பா அதைப் பாத்ததும் அடிக்கறதையே நிறுத்திட்டார், இல்லைன்னு சொல்லிடுச்சேன்னு.

எழுத்தாணி:
அப்பா ஒலிபெயர்ப்பு கீபோர்டு (இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறறது) வச்சிருக்காரா? அதுல னி வர்றதுக்கு முன்னாடி "ன்" வரும், அப்புறம்தான் இகரம் சேர்ந்து னி ஆகும். அந்த நடுக் கணத்துல பெட்டியில இருக்கறது "கவுன்". கவுன், கவுனிக்குள்ள இல்ல, ஏன்னா புள்ளி இருக்கற இடத்துல அங்க இகரக் குறி இருக்கு. நம்ம எழுத்துக்கே உள்ள விஷயம் இது.

தேடுற வார்த்தையோட சாவி புள்ளியில முடிஞ்சா அந்தக் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துடு. "கவுன்" வந்து "கவுன" ஆகும், அது கவுனிக்குள்ள பொருந்தும். பட்டியல் பக்கம் புள்ளியைத் தொடாத. அதோட, அடிச்சு நிறுத்தி 200 மில்லிசெகண்ட் ஆகாம "எதுவும் இல்லை"ங்கற வாசகத்தைக் காட்டாத. வயசானவங்களுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பெருசு.

நெல்வாசம்:
பண்ணிட்டேன் அக்கா, இப்ப ஒரு எழுத்துக்குக் கூட காலியாகல.

வரிசைப்படுத்தறதும் கேட்டுடறேன். அகர வரிசைன்னு சார்ட் போட்டா குள்ளக்கார் முதல்ல வந்து குழியடிச்சான் பின்னாடி வருது. அகராதியில ழ முன்னாடி ள பின்னாடி தானே?

எழுத்தாணி:
ஆமா, யர லவ ழள றன. சும்மா சார்ட் போட்டா யூனிகோட் எண் வரிசையில போகும், அதுல ள முன்னாடி ழ பின்னாடி. இன்ட்ல் கொலேட்டர்னு இருக்கு, மொழி டிஏன்னு குடு, நம்ம அகர வரிசை வந்துடும். மெய்யும் சரியா க் முன்னாடி க பின்னாடின்னு வரும்.

பழங்குறிமுறை:
அதோட ஒண்ணு, சார்ட் மூல அர்ரேயையே மாத்திடும். ரியாக்ட்ல ஸ்டேட்டை நேரா சார்ட் பண்ணாத, காப்பி எடுத்துட்டுப் பண்ணு, புது ப்ரௌசர்ல டூசார்ட்டட்னே ஒரு மெதட் இருக்கு.

அப்புறம் கலர் அடிக்கறது பத்தி நீ கேக்கல, ஆனா அடுத்து அதுதான் கேப்ப. பொருந்தின பகுதியை மஞ்சளா காட்டணும்னா ஸ்ட்ரிங்கை வெட்டுவ, "கவுனி"க்கு லெங்த் கேட்டா 5ன்னு சொல்லும், எழுத்து மூணுதான். நடுவுல வெட்டினா ஒரு உயிர்க்குறி தனியா தொங்கி, பக்கத்துல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வந்து நிக்கும். இன்ட்ல் செக்மென்டர் வச்சு முழு எழுத்தா பிரிச்சிட்டு வெட்டு. ஃபயர்ஃபாக்ஸ்ல கூட 2024லருந்து இருக்கு.

இப்ப நிஜமான கவலைக்கு வரேன், முதல் பதிவு படிச்சதுலருந்து மனசுல இருக்கு. அந்த ஷீட்டை எப்படி வெளிய குடுத்திருக்க? போன் நம்பர் காலம் அதுலயேவா இருக்கு?

நெல்வாசம்:
ஷீட்ல "இணையத்தில் வெளியிடு" குடுத்து சிஎஸ்வி லிங்க் எடுத்தேன் அண்ணா. போன் நம்பர் அதுல இருக்கு ஆனா ஆப்ல நான் காட்டல, அந்தக் காலத்தை விட்டுட்டுத்தான் காட்டறேன்.

பழங்குறிமுறை:
அதுதான் பயந்தேன். ஆப்ல காட்டலைன்னாலும் ப்ரௌசருக்கு முழு சிஎஸ்வியும் வந்துடுது. நெட்வொர்க் டேப் திறக்கத் தெரிஞ்ச யாரும் நாப்பது பேரோட நம்பரையும் ஊரையும் ஒரே நிமிஷத்துல எடுத்துடலாம். ஃபில்டர் பண்ணி மறைக்கறது மறைக்கறதே இல்ல. இன்னிக்கே வெளியிட்டதை நிறுத்து. ஷீட்டுக்குள்ள தனியா ஒரு டேப் போடு, அதுல நம்பர் இல்லாத காலம் மட்டும் வர்ற மாதிரி ஃபார்முலா எழுது, அந்த டேப்பை மட்டும் வெளியிடு. மூல டேப் உங்க குழுவுக்குள்ளயே இருக்கட்டும். முழு ஷீட்டையும் வெளியிட ஒரு தேர்வு இருக்கும், அது முதல்லயே தேர்வாகி நிக்கும், அதைக் கவனி.

நெல்வாசம்:
நிறுத்திட்டேன் அண்ணா. உடனே நிறுத்திட்டேன். ராத்திரி ஒருத்தரையும் கேக்காம போட்டுட்டமேன்னு மனசு கஷ்டமா போச்சு, காலையில அப்பா மூலமா குழுவுல எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்ப புது டேப், நம்பருக்குப் பதிலா வரி எண் மட்டும். விதை வேணும்னா அந்த எண்ணைச் சொல்லி ஒருங்கிணைக்கற ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கூப்பிடணும், அவங்க ரெண்டு பேரும் தங்களோட நம்பர் வெளிய இருக்கலாம்னு சொல்லிட்டாங்க.

சோழநாட்டான்:
அதுவே நல்லதும்மா. விதை கேக்கறவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசாம குடுக்கறது கிடையாது. எந்த மண்ணு, எப்ப விதைக்கப் போற, தண்ணி நிக்குமா, வடியுமா, இதெல்லாம் கேட்டுத்தான் குடுப்போம்.

பச்சைத்திரை:
ரெண்டு சின்ன விஷயம். சிஎஸ்வியைக் கமா வச்சு நீயே ஸ்ப்ளிட் பண்றியா? ஊர் பேருல "கோட்டூர், மன்னார்குடி வட்டம்"னு ஒரு கமா வந்தாலும் அந்த வரியில அதுக்கப்புறம் வர்ற காலமெல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிடும். பாப்பா பார்ஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, அதைப் போட்டுக்கோ.

இன்னொண்ணு, ஒரு நெல்லோட லிங்க்கை வாட்ஸ்அப்ல பகிரணும்னா தேடல் வார்த்தையை யூஆர்எல்ல தமிழா வைக்காத. ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறி போட்டு 9 எழுத்தா விரியும், கவுனிங்கற ஒரு சொல்லே 45 எழுத்து ஆயிடும். பாக்கறவங்களுக்கு ஏதோ வைரஸ் லிங்க் மாதிரி இருக்கும், தொடமாட்டாங்க. வரி எண்ணைப் போடு.

நெல்வாசம்:
ரெண்டும் பண்ணிட்டேன். கமா பிரச்சனை நிஜமாவே 6 வரியில இருந்துச்சு, வரி எண் காலத்துல ஊர் பேரோட மிச்சம் வந்து நின்னுச்சு.

வயல்ல சிக்னல் இல்லாதப்பவும் திறக்கணும்னு, கடைசியா வந்த பட்டியலை லோக்கல் ஸ்டோரேஜ்ல (ப்ரௌசருக்குள்ளயே சேமிக்கற இடம்) வச்சிருக்கேன், ஃபெட்ச் தோத்தா அதைக் காட்டி மேல "இது செவ்வாய்க்கிழமை எடுத்த பட்டியல்"னு எழுதிடறேன். பக்கத்தையே ஆஃப்லைன்ல திறக்க சர்வீஸ் வொர்க்கர் வேணும்னு படிச்சேன், அதை அடுத்த வாரம் பாக்கறேன்.

நேத்து குழுவுல லிங்க் போட்டோம். தண்ணி நிக்கற தாக்கு வச்சிருக்கற ஒரு பெரியவர் மடுமுழுங்கின்னு அடிச்சிருக்கார், அதுவும் "மடு முளுங்கி"ன்னு ஸ்பேஸ் விட்டு, ழவுக்குப் பதிலா ள போட்டு. வந்துடுச்சு. மூணு ஊர் தள்ளி ஒருத்தர்கிட்ட 6 கிலோ இருந்திருக்கு, வாட்ஸ்அப்ல அந்த மெசேஜ் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இவர் பாக்கவே இல்ல. இன்னிக்குக் காலையில போய் 2 கிலோ வாங்கிட்டு வந்துட்டாராம்.

சோழநாட்டான்:
அந்த வரியில 6ஐ 4ன்னு மாத்திட்டியா?

நெல்வாசம்:
இப்பதான் மாத்தினேன் அய்யா. வாங்கினவர் பேர்ல "அடுத்த வருஷம் 4 கிலோ"ன்னு குழுவோட டேப்ல ஒரு வரியும் சேத்துட்டேன்.